போன் திரைக்கு எத்தனை புள்ளி போதும்?

சித்தப்பாவுக்குப் போன் வாங்கத் திண்டுக்கல்லில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைப் பையன் இரண்டு போன்களை எடுத்து வைத்தான். ஒன்று 10,500 ரூபாய், இன்னொன்று 14,000. "சார், இது வெறும் எச்டி ப்ளஸ். அது ஃபுல் எச்டி ப்ளஸ். படம் பாத்தீங்கன்னா அப்படியே தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றான். சித்தப்பா ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, கையை நீட்டி, தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானடா இருக்கு" என்றார் என்னிடம். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பெரியவருக்கு விவரம் பத்தவில்லை என்கிற சிரிப்பு.

சித்தப்பா சொன்னது சரி. பையன் சொன்னதும் ஓரளவு சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று புரிய வேண்டுமென்றால் கடையை விட்டிறங்கிப் பேருந்து நிலையம் வரை போக வேண்டும்.

பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஒளிரும் எல்இடி பலகையைக் கவனித்திருப்பீர்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அங்கே எழுத்தே இல்லை. வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள்தான். கொஞ்சம் தள்ளி நின்றால் விளக்குகள் சேர்ந்து 'மதுரை' என்று படிக்க முடிகிறது, ஆனால் புள்ளி புள்ளியாகத்தான். இன்னும் தள்ளிப் போங்கள், வண்டி நிலையத்துக்குள் திரும்புகிற முனைக்கே போய்விடுங்கள். இப்போது புள்ளிகள் காணாமல் போய், யாரோ தூரிகையால் எழுதியது போல முழுக்கோடாக 'மதுரை' தெரியும். பலகையில் ஒரு விளக்கைக்கூட யாரும் கூட்டவில்லை. மாறியது தூரம் மட்டுமே.

போன் திரையும் இதே பலகைதான், விளக்குகள் மட்டும் மிகச் சின்னவை. அந்த விளக்குக்குப் பெயர் பிக்சல். படப்புள்ளி என்றும் சொல்வார்கள். நம்பாவிட்டால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, விரல்நுனியைத் தண்ணீரில் தொட்டுத் திரைமேல் லேசாகச் சுண்டுங்கள். கடுகைவிடச் சின்னதாக விழும் துளிகள் பூதக்கண்ணாடி வேலை செய்யும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் கோலப்பொடி சிந்தியதுபோலத் தெரியும். இந்த மூன்று நிறப் பொட்டுகள் சேர்ந்ததுதான் ஒரு பிக்சல். (துளி என்றால் துளிதான். போனைக் குளிப்பாட்டிவிட்டு என்னைத் திட்டக் கூடாது.)

எச்டி, ஃபுல் எச்டி என்பதெல்லாம் இந்தப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு வைத்த பெயர்கள். 1280க்கு 720 என்றால் எச்டி: மொத்தம் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் ஃபுல் எச்டி: 20.7 லட்சம். 2560க்கு 1440 என்றால் கியூஎச்டி: 36.9 லட்சம். 3840க்கு 2160 என்பது 4கே: சுமார் 83 லட்சம். போனின் பெயரோடு ஒட்டிவரும் 'ப்ளஸ்' பெரிய சமாசாரம் இல்லை. போன்கள் ஒல்லியாக நீண்டுவிட்டதால் நீளவாக்கில் கொஞ்சம் புள்ளிகள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். எச்டி ப்ளஸ் பெரும்பாலும் 1600க்கு 720, ஃபுல் எச்டி ப்ளஸ் 2400க்கு 1080.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஒரு படி அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பினால் நெருக்கமாக இருக்கும். அதையே மொட்டைமாடியில் பரப்பினால் தேடித்தான் பொறுக்க வேண்டும். புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஓர் அளவு உண்டு: ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்கள் என்பது. பிபிஐ என்பார்கள். போனின் விவரப் பக்கத்தில் திரை என்ற தலைப்பின் கீழ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எச்டி. நமக்கு வேலைக்கு ஆவது இந்தப் பிபிஐ.

ஓர் உதாரணம். 2014-ல் இந்தியாவுக்கு வந்த முதல் மோட்டோ ஜி-யின் விலை 12,499 ரூபாய். 4.5 அங்குலத் திரை, எச்டி. கணக்குப் போட்டால் 326 பிபிஐ. இன்று அந்த விலைக்குள் கிடைக்கும் பல போன்கள் 6.7 அங்குலம், எச்டி ப்ளஸ். அவற்றின் நெருக்கம் 262 பிபிஐ. இத்தனை வருடம் கழித்து, அதே விலையில், புள்ளி நெருக்கம் குறைந்திருக்கிறது! பெயரில் மட்டும் ஒரு ப்ளஸ் கூடியிருக்கிறது.

சரி, நெருக்கம் குறைந்தால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறதா? அதற்குப் பேருந்துப் பலகைக்குத் திரும்புவோம்.

நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் ஓர் எழுத்து அட்டையை வெளியிட்டார். கண் பரிசோதனைக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்குமே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப்போகச் சின்ன எழுத்துமாக, அந்த வகை அட்டைக்கு அதுதான் மூதாதை. 6 மீட்டர் தூரத்தில் நின்று அதில் குறிப்பிட்ட வரியைப் படித்துவிட்டால் உங்கள் பார்வை 6/6. அந்த வரியில் எழுத்தின் கோடு 1.75 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ஒரு பாகையை அறுபதாக வெட்டினால் வரும் ஒரு துண்டுதான் அந்தத் தடிமன் கண்ணில் ஏற்படுத்தும் கோணம். அதைவிடச் சின்னக் கோணத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை, 6/6 பார்வை உள்ள கண், ஒன்றாகவே பார்க்கும்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றினால் இப்படி வரும்: இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல் சுமார் 3,440 மடங்கு தள்ளி நின்றால் அந்தப் புள்ளிகள் கரைந்துவிடும். பேருந்துப் பலகையில் விளக்குகள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், சுமார் 34 மீட்டர் தள்ளி அது முழு எழுத்தாகிவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் கரையும் தூரம். பாடப்புத்தகத்தில் தேடாதீர்கள், என் வசதிக்கு வைத்துக்கொண்டது.

போனுக்கு இன்னும் சுருக்கமாகச் செய்யலாம். 8,700-ஐ உங்கள் போனின் பிபிஐயால் வகுங்கள். வருவது கரையும் தூரம், சென்டிமீட்டரில்.

2007-ல் வந்த முதல் ஐபோன் 163 பிபிஐ. வகுத்தால் 53 சென்டிமீட்டர். அதாவது கையை முழுக்க நீட்டிப் பிடித்தால்தான் புள்ளிகள் மறையும். கடையில் பார்த்த எச்டி ப்ளஸ் போன், 6.5 அங்குலம், 270 பிபிஐ: 32 சென்டிமீட்டர். அதே அளவில் ஃபுல் எச்டி ப்ளஸ், 405 பிபிஐ: 21 சென்டிமீட்டர் சொச்சம். லட்ச ரூபாய்ப் போன்களில் வரும் 500 பிபிஐ திரை: 17 சென்டிமீட்டர்.

இப்போது ஒரு ஸ்கேலை எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போனைப் பிடிக்கும்போது கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். (நீங்களே அளந்தால் உங்களை அறியாமல் நேராக உட்கார்ந்துகொள்வீர்கள்.) என் வீட்டில் அளந்தபோது, நாற்காலியில் இருந்து செய்தி படிக்கும் எனக்கு 34 வந்தது. படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கும் தங்கை மகளுக்கு 22. சித்தப்பாவுக்கு 46.

சித்தப்பாவுக்கு ஏன் 46? அவருக்கு வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கண்ணில் உள்ள லென்சு விறைத்துப் போய், கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கத் திணறும். அதனால்தான் எழுத்தைக் கைநீளத்துக்குத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம். 46 சென்டிமீட்டரில் பிடிப்பவருக்கு 190 பிபிஐ இருந்தாலே புள்ளிகள் கரைந்துவிடும். எச்டி ப்ளஸ்ஸே அவருக்கு அதிகம். அவர் இரண்டும் ஒன்று என்று சொன்னது விவரம் பத்தாமல் அல்ல, அவருடைய கண் சரியாகத்தான் சொன்னது. 22 சென்டிமீட்டரில் பார்க்கும் தங்கை மகளுக்கு அதே எச்டி ப்ளஸ் திரை கொசுவலை போட்டதுபோலத் தெரியும். கடைப் பையனுக்கும் அவள் வயதுதான் இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2010 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ மேடையில் காட்டினார். 326 பிபிஐ. ரெட்டினா என்று பெயர், அதாவது விழித்திரை. பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் பிடித்தால் 300 பிபிஐ அளவில் மனித விழித்திரையின் எல்லை வந்துவிடுகிறது, இந்தத் திரை அதையும் தாண்டியது என்றார். நம் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 8,700 வகுத்தல் 326, ஏறக்குறைய 27 சென்டிமீட்டர், பத்தரை அங்குலம். கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் திரைகளைச் சோதிக்கும் டிஸ்ப்ளேமேட் நிறுவனத்தை நடத்திவந்த இயற்பியலாளர் ரேமண்ட் சொனைரா, இது மிகைப்படுத்தல், கண்ணின் உண்மையான எல்லைக்கு 12 அங்குலத்தில் 477 பிபிஐ வேண்டும் என்றார். ஹபிள் தொலைநோக்கித் திட்டத்தில் வேலை பார்த்த வானியலாளர் பில் பிளெயிட் குறுக்கே வந்து, சொனைரா பேசுவது மிகக் கூர்மையான கண்ணைப் பற்றி, சாதாரணக் கண்ணுக்கு ஜாப்ஸ் சொன்னதே போதும் என்று எழுதினார்.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் பிடிக்கும். 6/6 என்பது மனிதக் கண்ணின் உச்சம் இல்லை. குறைபாடு இல்லை என்பதற்கான கோடு. நல்ல கண் உள்ள இளவயதினர் பலர் அட்டையில் அதற்கும் கீழே உள்ள வரியைப் படித்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவதைவிட, ஒரு கோடு நேராக இருக்கிறதா, இடையில் மயிரிழை விலகியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் நம் கண் பல மடங்கு கெட்டி. கொத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்த்துவிட்டு 'நூல் பிசகியிருக்கு' என்று சொல்கிறாரே, அந்தத் திறன். திரையில் சாய்ந்த கோடுகளும் எழுத்தின் வளைவுகளும் படிக்கட்டு போலப் பிசிறடிப்பது, புள்ளிகள் கரைந்த பிறகும் லேசாக உறுத்துவது இதனால்தான். ஆகவே கரையும் தூரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு தாராளம் வைத்துக்கொள்வது நியாயம். 32 சென்டிமீட்டரில் படிப்பவருக்கு 270 கறாரான கணக்கு, 400 தாராளமான கணக்கு. அதற்கு மேலே உள்ளதெல்லாம் கல்யாணப் பந்தியில் நான்காவது முறை வரும் பாயசம்.

திரையின் வகையும் கணக்கை மாற்றும். எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பொட்டுகள் உண்டு. போன்களில் வரும் அமோலெட் திரைகள் பெரும்பாலானவற்றில் பச்சை மட்டும் முழு எண்ணிக்கை. சிவப்பும் நீலமும் பாதிப் பாதிதான், பக்கத்துப் பிக்சலோடு பங்கு போட்டுக்கொள்ளும். துளி வைத்துப் பார்த்தபோது பொட்டுகள் சாய்சதுரமாக, பச்சை சின்னதாகவும் நிறையவும் தெரிந்திருந்தால் உங்களுடையது அந்த வகை. 270 பிபிஐ அமோலெட்டில் சிவப்பு, நீலப் பொட்டுகளின் நெருக்கம் 190 சொச்சம்தான். அதனால் எச்டி ப்ளஸ் அமோலெட்டைவிட எச்டி ப்ளஸ் எல்சிடியில் எழுத்து கொஞ்சம் கச்சிதமாக இருக்கும். 'அமோலெட்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். (கறுப்பும் வண்ணமும் அமோலெட்டில் அருமையாக இருக்கும் என்பது வேறு விஷயம், அதில் சண்டை இல்லை.)

எழுத்து என்றதும், தமிழ் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் படிக்கிறவர்களைவிட இதில் அக்கறை கூடுதலாக இருக்க வேண்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, ஒன்பது கட்ட உயரத்துக்குள், கட்டங்களை நிரப்பியே மூன்று சுழி 'ண' போட்டுப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை வேண்டும், சுழிக்கும் சுழிக்கும் நடுவே வெள்ளை வேண்டும், கோட்டுக்கு ஒரு கட்டமாவது வேண்டும். மூச்சு முட்டும். ஆங்கில 'ஓ'வுக்கு ஒரே ஒரு வட்டம், ஐந்து கட்டத்தில் முடிந்துவிடும். 1.8 அங்குலத் திரையும் 160க்கு 128 புள்ளியும் இருந்த பழைய பட்டன் போனில், இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துக்குக் கிடைத்தது இந்த ஒன்பது கட்டம்தான். அதில் பணியா பனியா, மணமா மனமா என்பதைச் சொற்றொடரை வைத்துத்தான் யூகிக்க வேண்டியிருந்தது. புள்ளி வைத்த மெய்யெழுத்தில் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். 'ஞ', 'ணூ', 'ழு' எல்லாம் மையொழுகிய கட்டிகள்.

முதல் ஐபோனின் நெருக்கத்தில் அதே இரண்டு மில்லிமீட்டருக்குப் பதின்மூன்று கட்டம் கிடைக்கிறது. இன்றைய எச்டி ப்ளஸ்ஸில் இருபத்தொன்று. ஃபுல் எச்டி ப்ளஸ்ஸில் முப்பத்திரண்டு. இருபத்தொரு கட்டத்தில் மூன்று சுழி தெளிவாக வந்துவிடும். ஆனால் கோட்டின் தடிப்பும் மெலிவும் வராது, எல்லாச் சுழியும் ஒரே கம்பியில் வளைத்ததுபோல இருக்கும். முப்பத்திரண்டில் எழுத்துக்கு உடம்பு வந்துவிடுகிறது. இரவு படுத்துக்கொண்டு போனில் நாவல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எச்டி ப்ளஸ்ஸுக்கும் ஃபுல் எச்டி ப்ளஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உணர்ந்தது அங்கேதான், சினிமாவில் அல்ல.

இடையில் ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவிடலாம். புள்ளி கூடினால் எழுத்து சின்னதாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பழைய கணினித் திரைகளில் அப்படித்தான் நடந்தது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் எழுத்தின் அளவைத் திரையின் நெருக்கத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்கின்றன. எழுத்து அதே அளவில் இருக்கும், வழவழப்பு மட்டும் கூடும்.

இனி வீடியோ. கடைப் பையனின் 'தியேட்டர்' இங்கேதான் தடுக்கி விழுகிறது.

6.5 அங்குலப் போனைப் படுக்கையாகப் பிடித்தால் படத்தின் உயரம் ஏழு சென்டிமீட்டர்கூட வராது. அதற்குள் 480 வரிகளைக் கொண்ட, அதாவது எச்டியே இல்லாத, 480பி வீடியோவை ஓட்டினால் நெருக்கம் 180 பிபிஐ. கரையும் தூரம் 48 சென்டிமீட்டர். சித்தப்பாவின் கைநீளத்தில் பார்த்தால் ஏறக்குறைய முழுசாகத் தெரியும். அதே 480பி-யை 43 அங்குல டிவியில் போட்டால், பிசிறு தெரியாமலிருக்க கிட்டத்தட்ட நாலு மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். நம் வீட்டுக் கூடங்களில் நாலு மீட்டர் தள்ளினால் பாதிப் பேர் அடுப்படியில் இருப்போம். நெட்பிளிக்ஸ் 2019-ல் இந்தியாவில் போனுக்கு மட்டுமான 199 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதில் 480பி மட்டும் கொடுத்தது. கஞ்சத்தனம் என்று பார்க்கலாம், ஆனால் போன் திரை என்பதால் அது எடுபடவும் செய்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், நெட்வொர்க் தாங்காது என்று, இந்தியாவில் பெரிய வீடியோ தளங்கள் மொபைல் டேட்டாவில் 480பி-க்கு மேல் தருவதில்லை என்று கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. நான் அதைச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பே ஒரு வாரமாகப் போனில் படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று இரவும் பார்த்தேன். எந்த நாளில் மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 4கே-யில் இலவசமாகக் காட்டியது. டிவியில் பார்த்தவர்களுக்கு நல்ல விருந்து. ஆனால் எச்டி ப்ளஸ் போனில் படம் விழும் பரப்பு 1280க்கு 720. 4கே-யின் ஒன்பது புள்ளிகளை அரைத்து ஒரு புள்ளியாக்கித்தான் அது காட்ட முடியும். எட்டுப் புள்ளிக்கான டேட்டா போனது போனதுதான். நெட்பிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படியே எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை செலவாகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் வைத்திருப்பவருக்கு அரைமணி நேரத்தில் அன்றைய பொழுது முடிந்துவிடலாம். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: திரையின் அளவைவிட ஒரு படி கூடுதலான தரத்தில் ஓட்டினால், வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது குறையும். எச்டி ப்ளஸ் போனிலும் 1080பி கொஞ்சம் நன்றாகத் தெரிவதற்கு அதுவே காரணம். புள்ளிகள் கூடியதால் அல்ல, அழுத்திச் சுருக்கியது குறைந்ததால்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஃபுல் எச்டி திரை என்று பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். ஓடிடி செயலியில் 480பி-க்கு மேல் வராது. படத்தைத் திருடாமல் காக்க, போனுக்குள் வைட்வைன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அதில் எல்1 என்ற நிலை இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் பல தளங்கள் எச்டி தருவதில்லை. என்னுடைய பழைய போன் ஒன்று இப்படித்தான். வாங்கி எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிளே ஸ்டோரில் இந்த நிலையைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

புள்ளி கூடினால் கூடட்டுமே, கெட்டா போகும் என்று கேட்கலாம். செலவு இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று போனின் கிராஃபிக்ஸ் சிப் கணக்குப் போட வேண்டும், நொடிக்கு 60 முறையோ 120 முறையோ. ஃபுல் எச்டியிலிருந்து கியூஎச்டிக்குப் போனால் இந்த வேலை ஏறக்குறைய 1.8 மடங்கு. எல்சிடி திரையில் இன்னொரு தொல்லை: புள்ளிகள் நெருங்க நெருங்க, அவற்றுக்கு இடையில் ஓடும் மின்கம்பிகள் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை அதிகம் மறைக்கும், அதை ஈடுகட்ட விளக்கை இன்னும் கூட்ட வேண்டும். இரண்டும் பேட்டரி கணக்கில்தான் போய் விழும்.

இது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. சாம்சங் 2017-ல் கேலக்ஸி எஸ்8-ஐ 2960க்கு 1440 புள்ளித் திரையோடு விற்றது. ஆனால் பெட்டியைத் திறந்து போட்டால் அது ஃபுல் எச்டி ப்ளஸ்ஸில்தான் ஓடும். வேண்டுமென்றால் அமைப்புக்குப் போய் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் போயிருப்பார்கள்! 2020-ன் எஸ்20-யில் நொடிக்கு 120 முறை வேண்டுமென்றால் ஃபுல் எச்டி ப்ளஸ்ஸுக்கு இறங்கியாக வேண்டும் என்று இருந்தது. அடுத்த ஆண்டு எஸ்21-ல் கியூஎச்டி திரையையே எடுத்துவிட்டு ஃபுல் எச்டி ப்ளஸ் போட்டார்கள்.

சோனியின் கதை இன்னும் சுவாரசியம். 2015-ல் பெர்லின் கண்காட்சியில் எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம் என்று உலகின் முதல் 4கே போனைக் காட்டினார்கள். 5.5 அங்குலத்தில் 806 பிபிஐ. நம் சூத்திரப்படி கரையும் தூரம் 11 சென்டிமீட்டர். அந்தப் புள்ளிகளின் அருமையைப் பார்க்க வேண்டுமானால் மூக்கு கண்ணாடியில் இடிக்கும். அந்தப் போனும் 4கே-யை எப்போதும் காட்டவில்லை. படமோ வீடியோவோ பார்க்கும்போது மட்டும்தான், மற்ற நேரமெல்லாம் 1080பி. விடாப்பிடியாகச் சில ஆண்டுகள் 4கே போன்களைக் கொண்டுவந்தவர்கள், 2024-ல் எக்ஸ்பீரியா 1-ன் ஆறாம் தலைமுறையில் ஃபுல் எச்டி ப்ளஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி உண்டு. 2018-ல் ஐபோன் எக்ஸ்ஆர் வந்தபோது 1792க்கு 828 புள்ளிதான், இந்த விலைக்கு ஃபுல் எச்டிகூட இல்லையா என்று இணையத்தில் ஒரே கேலி. அடுத்த ஆண்டு உலகில் மிக அதிகமாக விற்ற போன்களில் அதுதான் முதலிடம். அதன் நெருக்கம் அதே பழைய 326.

போனில் 4கே உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. போனை ஒரு பெட்டிக்குள் சொருகி, கண்ணுக்கு முன்னால் லென்சு வைத்து, மெய்நிகர் உலகம் பார்ப்பது. அங்கே திரை கண்ணுக்கு மிக அருகில் வருகிறது, பார்வைப் பரப்பு முழுவதிலும் புள்ளிகளை விரிக்க வேண்டும். கியூஎச்டி போனைச் சொருகினால்கூட ஒரு கண்ணுக்கு, ஒரு பாகைக்குச் சுமார் 14 புள்ளிதான் கிடைக்கும். 6/6 கண்ணுக்கு 60 வேண்டும். கூகுள் 2014-ல் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக் கருவியின் விற்பனையை 2021-ல் நிறுத்திவிட்டது. போனைச் சொருகும் பழக்கமும் அதோடு ஓய்ந்துவிட்டது.

என்னைக் கேட்டால், போனில் நிறையப் படிப்பவர், அதுவும் படுத்துக்கொண்டு படிப்பவர், ஃபுல் எச்டி ப்ளஸ் வாங்கலாம். கொடுக்கும் காசுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் உண்டு. அதற்கு மேல் போக வேண்டாம். போன் பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் கைநீளத்தில் வீடியோ பார்க்கவும் என்றால் எச்டி ப்ளஸ் போதும், யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தைப் பேட்டரிக்கும் நினைவகத்துக்கும் கொடுங்கள். இன்னொன்றுக்கும் கொடுக்கலாம், அதைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார்.

"இதை வெளியே கொண்டுபோய்ப் பாக்கலாமா தம்பி?" என்று பையனிடம் கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. கம்பியில் கட்டியிருந்த போன்களை அவிழ்க்க ஓனரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான். மூவரும் கடை வாசலில் நின்றோம். மணி பன்னிரண்டு, சித்திரை வெயில். 10,500 ரூபாய்ப் போனின் திரையில் சித்தப்பாவின் மீசை தெரிந்தது, பின்னால் மின்கம்பம் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்தை முழுக்க ஏற்றியும் அதே கதை. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். பல மலிவு எல்சிடி திரைகள் 400, 500 நிட்டில் நின்றுவிடும், உச்சி வெயிலோடு மோத அது பத்தாது. 14,000 ரூபாய்ப் போனில் தேதியும் மணியும் படிக்க முடிந்தது.

"பஸ் ஸ்டாப்புல நின்னு போன் வந்தா யாருன்னு தெரியணும்ல" என்றார் சித்தப்பா. பையன் இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பில் போடும்போது ஃபுல் எச்டி என்று மறுபடி ஆரம்பித்தான். அவர், "அது கிடக்கட்டும், எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு" என்றார்.